ஏகாதசியன்று கிளம்பாத கார்

எங்கள் வீட்டுக் காரை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. பொன்மலையில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர், சுதந்திரம் வந்த கையோடு சீமைக்குக் கப்பலேறும்போது அதை என் கணவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். தலையில் கட்டினார் என்பது என் பேச்சு. பாக்கியம் என்பது அவர் பேச்சு. கறுப்பு வண்டி, நீள மூக்கு. பானெட்டை நடுவில் பிரித்து இரண்டு பக்கமும் தூக்க வேண்டும். நல்ல நாளிலேயே தில்லைநாயகம் என்பார்களே, அந்த ரகம். மழை பெய்தால் கிளம்பாது, பனி பெய்தால் கிளம்பாது, விருந்தாளி யாராவது நின்று வேடிக்கை பார்த்தால் நிச்சயமாகக் கிளம்பாது.

ஐம்பதுகள் முடியப் போகிற சமயம். என் கணவர் வடக்கே அணைக்கட்டு வேலையில் இருந்தார். சித்திரையில் லீவில் வந்தவர், திரும்பிப் போகுமுன் பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு, காரைக் கொல்லைப்புறம் பழைய மாட்டுக் கொட்டிலில் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஸ்ரீரங்கம் வீட்டில் நானும் மாமனாரும்தான். மாமனார் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ரிட்டையர் ஆனவர். எதையும் முறைப்படி செய்கிறவர். செருப்பைக் கழற்றிப் போட்டால்கூட இரண்டும் கிழக்குப் பார்த்து இருக்கும்.

ஐப்பசியில் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். மாமியார் அவளுடைய சின்ன வயதிலேயே போய்விட்டார். நான் அந்த வீட்டுக்கு மாட்டுப்பெண்ணாக வந்தபோது அவள் பாவாடை கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தலை பின்னிவிட்டது, பேன் பார்த்தது, கல்யாணத்தன்று கையைப் பிடித்து மணையில் உட்கார வைத்தது எல்லாம் நான்தான். எனக்குக் குழந்தை இல்லை. அவள் எனக்கு என்னவாக இருந்தாள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

அன்று வைகுண்ட ஏகாதசி. விடிவதற்கு முன்பே தெருவில் நடக்க இடமில்லை. மாமனார் பரமபத வாசலை ஸேவித்துவிட்டு வந்து, கூடத்தில் உட்கார்ந்து பாராயணம் செய்துகொண்டிருந்தார். வெயில் ஏறிய பிறகு கிணற்றடியிலிருந்து "மன்னி" என்று ஒரு குரல் கேட்டது. பெரிய குரல்கூட இல்லை. போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் தரை சிவப்பாக இருந்தது.

"வலிக்கறதாடீ?"

"வலியே இல்ல மன்னி. அதான் பயமா இருக்கு."

நாள் இன்னும் இருந்தது. தை பிறக்கட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அவளை உள்ளே படுக்க வைத்துவிட்டு, அடுத்த சந்தில் குடியிருந்த பிரசவம் பார்க்கும் நர்ஸம்மாவைக் கூட்டிவந்தேன். அந்த அம்மாள் எப்போதும் வெற்றிலை போட்டுக்கொண்டு சிரித்த முகமாக இருப்பாள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"வலி இல்லாம ரத்தம் போகுதுங்க. நான் வீட்ல வச்சுப் பாக்கற கேஸ் இல்ல இது. திருச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க. ஜட்கால ஏத்தாதீங்க, அந்த ஆட்டம் ஆகாது. பஸ்ஸும் ஆகாது. படுக்க வச்சுக் கார்லதான் போகணும்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"அதைக் கேக்காதீங்க. கிளம்பற வழியைப் பாருங்க."

மாமனார் தெருமுனைக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். மேல்துண்டு இல்லாமல் திரும்பி வந்து கையை விரித்தார். டாக்ஸிகள் ஜனத்தை இறக்கிவிட்டு அடுத்த சவாரிக்கு அக்கரைக்கே திரும்பிப் போயிருந்தன. விஷயம் அதற்குள் அக்கம்பக்கம் பரவிவிட்டது. எதிர்வீட்டு மாமி வாசற்படியில் நின்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"கலங்காதேடீ. இன்னிக்கு ஒண்ணு ஆனாலும் நேரே பரமபதம்தான். எல்லாருக்கும் கிடைக்குமா? கொடுத்து வச்சிருக்கணும்."

"அப்போ நீங்க முதல்ல போங்கோ மாமி" என்று சொல்லிவிட்டு நான் கொட்டிலுக்குப் போனேன். அதற்குப் பிறகு அந்த மாமி என்னோடு பேசவில்லை. அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

தார்ப்பாயை இழுத்தபோது தூசியும் பல்லியும் விழுந்தன. எனக்குக் கார் ஓட்டத் தெரியும். தான் ஊரில் இல்லாதபோது வண்டி தூங்கக் கூடாது என்பதற்காகக் கொள்ளிடக் கரைப் பாதையில் வைத்து என் கணவர் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் போனபின் இரண்டு மூன்று தடவை எடுத்தேன். பிறகு மழை வந்தது, நாத்தனார் வந்தாள், கார் நினைவே இல்லை. ஓடத் தெரிந்த வண்டியை ஓட்டுவதற்குத்தான் எனக்குத் தெரியும். ஓடாததை ஓட வைப்பது அவருடைய வேலை. அவரோ இரண்டு ராத்திரி ரயிலில் போக வேண்டிய தூரத்தில் இருந்தார்.

பயத்தை ஒளிப்பதற்காக எல்லாவற்றையும் வேகமாகச் செய்தேன். பாட்டரி வயரை மாட்டி, உள்ளே உட்கார்ந்து செல்ஃப் ஸ்டார்ட்டரை அழுத்தினேன். டிக் என்றது. இன்னொரு தடவை அழுத்தினால் அந்த டிக்கும் இல்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். எரிந்தது, ஆனால் பழுத்த வெளிச்சம். செல்ஃபைச் சுற்ற இதற்குத் தெம்பு கிடையாது, ஆனால் விளக்கு எரிகிற வரை ஹேண்டில் போட்டால் வண்டி கிளம்பும் என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. ஸீட்டுக்கு அடியில் இருந்து, வண்டி மூக்கில் செருகிக் கையால் சுற்றும் அந்த இரும்பு ஹேண்டிலை எடுத்தேன்.

மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் குனிந்தேன். ஹேண்டில் போடுவதில் ஒரு விஷயம் உண்டு. கட்டைவிரலால் சுற்றிப் பிடிக்கக் கூடாது. எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் விரல் போய்விடும். ஐந்து விரலையும் ஒரே பக்கமாக வைத்து மேலே இழுத்தேன். சுற்றியது. ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தேன். ஒன்றுமில்லை. ஓர் இருமல்கூட இல்லை.

டாங்க் மூடியைத் திறந்து முகர்ந்தேன். பெட்ரோல் இருந்தது, ஆனால் புளித்த வாடை. பழைய பெட்ரோலுக்குச் சட்டென்று பற்றுகிற குணம் போய்விடும் என்பதும் அவர் சொன்னதுதான். புதுப் பெட்ரோலுக்கு எங்கே போவது என்று நிற்கும்போது அலமாரி ஞாபகம் வந்தது. பட்டுப்புடவையில் எண்ணெய்க் கறை பட்டால் துடைப்பதற்காக ஒரு பாட்டில் பெட்ரோல் வைத்திருந்தேன். நன்றாகத் தக்கை அடைத்தது. அதைக் கொண்டுவந்து கார்புரேட்டரில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, ஹேண்டிலை இழுத்தேன்.

இந்த முறை இருமியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் இன்னும் வேகமாக இழுத்தேன். அப்போதுதான் உதைத்தது. கொட்டிலுக்குள் வெடி போட்டதுபோல ஒரு சத்தம். புகைபோக்கியிலிருந்து நெருப்பு வந்ததாக மாமனார் பிறகு சொன்னார். நான் பார்க்கவில்லை. ஹேண்டில் திரும்பி வந்து என் வலது மணிக்கட்டில் அடித்தது. கண் இருட்டிவிட்டது. வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் கிளம்பிவிட்டன. வீட்டுக்குள்ளிருந்து நாத்தனார் "என்னது, என்னது" என்று கேட்பது காதில் விழுந்தது. நர்ஸம்மா கொல்லைக் கதவுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"போட்ட துணி நனைஞ்சிடுச்சு. மாத்தறேன். சீக்கிரம் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ரத்தம் போவது இந்தக் கொட்டிலில் நின்ற எனக்குத் தெரியவில்லை, ஆனால் நான் தவறாகச் சுற்றிய ஒவ்வொரு சுற்றுக்கும் அங்கே கொஞ்சம் போகிறது என்று மனசு கணக்குப் போட்டது. பயம் என்றால் எனக்கு அதுவரை பாம்பும் இடியும்தான். அன்றைக்குத்தான் பயம் வந்தால் வாய் உலர்வதும் காது அடைப்பதும் தெரிந்தது. உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அழுதால் மாமனார் விழுந்துவிடுவார். அவர் காலையிலிருந்து தீர்த்தம் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை.

பெட்ரோல் போகிறது, அதனால்தான் இருமுகிறது. அப்படியென்றால் கோளாறு பொறியில். பிளக்கைப் பார்க்கலாம் என்று முதல் பிளக்கைக் கழற்றினேன். வலது கை உதவவில்லை, இடது கையால் ஸ்பானரைத் திருகினேன். வெளியே வந்த பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். அடுத்ததிலும் அப்படியே. நாலிலும்.

மாமனார் பக்கத்தில் வந்து நின்றார்.

"சரஸ்வதி பூஜைக்கு நான்தாம்மா இட்டேன். வண்டியை அப்படியே நிறுத்தி வச்சுப் பூஜை பண்ணா நன்னா இல்லன்னு, நாலையும் கழட்டித் துடைச்சு, ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால வச்சு ஸேவிச்சுட்டு, மறுநாள் மாட்டிட்டேன். சந்தனம் காஞ்சதுக்கு அப்புறம்தான் மாட்டினேன்."

மற்ற வீடுகளில் ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைப்பார்கள், மிஞ்சினால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். எங்கள் வீட்டில்தான் எஞ்சினின் வயிற்றுக்குள் இருப்பதற்கெல்லாம் பூஜை நடந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கூடவே நிம்மதியும் வந்தது. சந்தனம்தான் பொறியைத் தின்கிறது, துடைத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். அந்தப் பெட்ரோலிலேயே முந்தானையை நனைத்து நாலையும் துடைத்தேன். ஒரு பிளக்கை வயரோடு எஞ்சின் மேலே சாய்த்து வைத்துவிட்டு, "மாமா, ஹேண்டிலை மெதுவா சுத்துங்கோ" என்றேன். சுற்றினார். நீலமாகப் பொறி தெறித்தது. மற்ற மூன்றிலும் அப்படியே தெறித்தது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன்.

"பெருமாளே" என்று சொல்லி மாமனாரே இழுத்தார். இருமல், தும்மல், பிறகு அதே வெடி. ஹேண்டிலைக் கைவிட்டுவிட்டுப் பின்னால் துள்ளினார். அவருக்கு அடி படவில்லை, முகம் மட்டும் வெளிறிப் போயிற்று.

பெட்ரோல் இருக்கிறது. பொறி இருக்கிறது. இரண்டும் இருந்து கிளம்பவில்லை என்றால் அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார். தெருவில் கோவிந்தா கோவிந்தா என்று ஜனம் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டு மாமி சொன்ன பரமபதம் என் காதை விட்டுப் போகமாட்டேன் என்றது.

வேறு செய்யத் தெரியாமல்தான் பிளக்குகளை இன்னொரு தடவை கழற்றினேன். அறிவு வேலை செய்தது என்று பெருமை பேசமாட்டேன், கை சும்மா இருக்க முடியவில்லை. வரிசையாகத் தார்ப்பாயில் வைத்தேன். முன்னாலிருந்து முதல் இரண்டும் உலர்ந்து, நுனி கருத்துப் போயிருந்தன. பின்னால் இருந்த மூன்றாவதும் நாலாவதும் தண்ணீரில் முக்கி எடுத்தது மாதிரி பெட்ரோலில் நனைந்திருந்தன. வெகுநேரம் பார்த்தேன் என்று நினைக்கிறேன். வெகுநேரமாகவும் இருந்திருக்காது.

முன்னால் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். பின்னால் இரண்டு பேருக்குப் பொறி வருகிறது, ஆனால் பற்றவில்லை. வேளை தப்பி வருகிறதோ? ஒருதரம் என் கணவர் இதே கொட்டிலில் நின்றுகொண்டு, பொறி வரிசையாகப் போகாது, தாண்டித் தாண்டிப் போகும் என்று சொல்லி ஒரு வாய்ப்பாடு சொன்னார். நான் அப்போது அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். இப்போது அந்த வாய்ப்பாட்டை மனசுக்குள் தேடினால் அரிசிதான் வருகிறது. வரிசையாகப் போகாது என்ற ஒன்று மட்டும் நிச்சயம்.

"மாமா, பிளக்கைக் கழட்டினப்போ இந்த நாலு வயரையும் இந்தக் கறுப்பு மூடிலேர்ந்தும் உருவினேளா?"

"ஆமா. மூடி நெறைய அழுக்கா இருந்தது. அதையும் துடைச்சேன்."

"திரும்ப எப்படி மாட்டினேள்?"

"முறைப்படிதான் மாட்டினேன். முன்னால இருக்கற பிளக் ஒண்ணு. அங்கேர்ந்து ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு பிரதட்சிணமா. இதுக்குமுன்னால யாரோ தாறுமாறா மாட்டியிருந்தா. நான் சரி பண்ணினேன்."

சரி பண்ணினேன் என்பதை அவ்வளவு அடக்கமாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. டிஸ்ட்ரிபியூட்டர் என்று அவர்கள் சொல்லும் அந்தக் கறுப்பு மூடியைத் தூக்கினேன். உள்ளே நடுவில் ஒரு சின்னக் கட்டை இருக்கும். அது சுழன்று நாலு மூலைக்கும் மின்சாரத்தைக் கொடுக்கும். "ஹேண்டிலை மெதுவா சுத்துங்கோ, நான் பாக்கறேன்" என்றேன். சுற்றிக்கொண்டே அவரும் எட்டிப் பார்த்தார். கட்டை நகர்ந்தது. கடிகாரம் சுற்றுகிற பக்கம் இல்லை. இடப்பக்கமாகச் சுற்றியது.

ஹேண்டில் நின்றுவிட்டது. மாமனார் கை அதன்மேலேயே இருந்தது.

"இடமா சுத்தறதேம்மா."

"ஆமாம் மாமா."

"அது அசுபம்மா. கடைசிக் காரியத்துக்குத்தான் அப்பிரதட்சிணமா வருவா. இன்னிக்கு, அவ இருக்கற இருப்புல, இது..."

அந்த மனிதர் தன் மனைவிக்கு அப்படி இடமாகச் சுற்றி வந்தவர். பெண்ணுக்கும் அதே சுற்றா என்று அவர் பயந்தது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் நாக்கை அடக்கவில்லை.

"மாமா, இது சீமையில பண்ணின வண்டி. அதுக்குப் பிரதட்சிணமும் தெரியாது, ஏகாதசியும் தெரியாது. அது சுத்தற வழியிலதான் அதுக்குச் சோறு போடணும். நனைஞ்சிருக்கற ரெண்டு பிளக்குக்கும் வயரை மாத்தி மாட்டினாப் பத்தும். பத்தலேன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

நான்தான் மாட்டப் போனேன். வலது மணிக்கட்டு அதற்குள் வெள்ளரிக்காய்போல வீங்கியிருந்தது. இடது கை மட்டும் வைத்துக்கொண்டு வயர் முனையை இழுத்தால், மூன்று மாதத் துருவில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பல்லால் இழுக்கலாமா என்றுகூட யோசித்தேன். கொல்லைக் கதவில் நர்ஸம்மா மறுபடியும் தெரிந்தாள். கையில் சிவந்த துணிச்சுருளோடு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். 

"நகர்ந்துக்கோ" என்றார் மாமனார்.

பூணூலைக் காதில் சுற்றிக்கொண்டு குனிந்தார். மூன்றாவது வயரை உருவினார். நாலாவதை உருவினார். மூன்றின் இடத்தில் நாலு, நாலின் இடத்தில் மூன்று. சந்தனம் அரைத்துப் பொட்டு வைத்த அதே விரல்கள். கண்ணை மூடிக்கொண்டுதான் கடைசி வயரை அழுத்தினார். அவர் வாழ்நாளில் தெரிந்து செய்த அபசாரம் அது ஒன்றுதான் இருந்திருக்கும். பிளக்கையெல்லாம் துடைத்து மாட்டிவிட்டு, நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் ஹேண்டிலைப் பிடித்தார்.

"கட்டைவிரல், மாமா."

விரலை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார். இழுத்தார். ஒரு இருமல். இன்னொன்று. பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலில் நொண்டியது, வெள்ளைப் புகையாகக் கக்கியது, அப்புறம் நாலு காலிலும் ஓட ஆரம்பித்தது. எனக்குப் பிடிக்காத அந்தச் சத்தம் அன்று எனக்குப் பிடித்தது. பிடித்தது என்று சொல்வதும் போதாது, அதைவிட இனிமையாக ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை.

நாத்தனாரைப் போர்வையோடு தூக்கிவந்து பின் ஸீட்டில் படுக்க வைத்தோம். தலை நர்ஸம்மா மடியில். உதடு வெளுத்திருந்தது. "மன்னி, குலுக்காம ஓட்டு" என்றாள். மாமனார் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அதுவரை நான் ஓட்டும் காரில் அவர் ஏறியதே இல்லை. சந்து வழியாக வீதிக்கு வந்தால் மனிதத் தலைகள். ஹாரனை அடித்தபடியே நகர்த்தினேன். மாமனார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "நகருங்கோ, பிரசவ கேஸ்" என்று கத்தினார். ஜனம் விலகியது. சிலர் பின்ஸீட்டைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அந்தக் கும்பிடு எனக்குப் பிடிக்கவில்லை.

காவேரிப் பாலத்தின் நடுவில் எதிரும் புதிருமாக இரண்டு பஸ் நின்றன. நானும் நிற்க வேண்டியதாயிற்று. எஞ்சின் சத்தம் இறங்கியது. இறங்கி இறங்கி, இதோ நிற்கப் போகிறது என்கிற இடத்துக்கு வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், விட்டேன், மிதித்தேன். நின்றால் இன்னொருமுறை ஹேண்டில் போட எனக்குக் கையில்லை, மாமனாருக்குத் தெம்பில்லை. அவர் எஞ்சின் மை படிந்த இரண்டு கைகளையும் மடியில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் நர்ஸம்மா, "தூங்காதம்மா, என்னப் பாரு, தூங்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் விலகியது.

ஆஸ்பத்திரி வாசலில் அவளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நர்ஸம்மாவும் கூடவே ஓடினாள். எங்களை உள்ளே விடவில்லை. நான் காரிலேயே இருந்தேன். எஞ்சினை நிறுத்தவில்லை. காவல்காரர் வந்து, "ஆஸ்பத்திரிங்க இது, என்ஜினை நிறுத்துங்கம்மா" என்றார். ரத்தம் வாங்க எங்காவது போகச் சொன்னால் மறுபடி கிளம்பாது என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் நிஜம் வேறு. இந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் அவள் இருப்பாள், இதை நான் என் கையால் நிறுத்தினால் அங்கே ஏதாவது நின்றுவிடும் என்று என் மனசில் ஏறிவிட்டது. மாமனாருடைய பிரதட்சிணத்தை அவ்வளவு ஏளனமாகப் பேசிய எனக்குத்தான் இந்தப் புத்தி. அவர் படியருகே தூணைப் பிடித்துக்கொண்டு, காரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனசிலும் அதேதான் ஓடியது. எப்படித் தெரியும் என்றால், சத்தம் ஒரு தடவை தாழ்ந்தபோது சட்டென்று ஓரடி முன்னால் வந்தார்.

இதில் ஒரு கஷ்டம் இருந்தது. குழந்தை அழுகிறதா என்று கேட்கத்தான் நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். என் காரின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தினால் கேட்கும். நிறுத்தப் பயம்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. வெள்ளைப் புடவைக்காரி ஒருத்தி கதவைத் திறந்து, "மன்னி யாருங்க? மன்னி மன்னின்னு கூப்பிடுது அந்தப் பொண்ணு" என்றாள். எஞ்சினை அப்படியே ஓடவிட்டுவிட்டு உள்ளே ஓடினேன். நீளமான நடைவழி. இரண்டு பக்கமும் கட்டில்கள். எந்தக் கட்டிலைப் பார்க்கவும் பயமாக இருந்தது. கடைசியில் ஒரு தடுப்புக்குப் பின்னால் படுத்திருந்தாள். நிறமே இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது. பக்கத்து அறையில் யாரோ எதையோ துணியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கையைப் பிடித்தேன். ஜில்லென்றிருந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"மன்னி, அந்தக் காரை நிறுத்தேன். குழந்தை அழறதா இல்லையான்னே கேக்க விடமாட்டேங்கறது."

எரிச்சலோடு சொன்னாள். சின்ன வயதில் பின்னலை இறுக்கினால் அப்படித்தான் எரிந்து விழுவாள். சாகப் போகிறவளுக்கு இந்த எரிச்சல் வராது என்று எனக்கு ஒரு நிச்சயம் வந்தது. திரும்பி ஓடினேன். காரின் கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நின்றது.

வாசல் முழுக்க அமைதியாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மாமனார் தூணை விட்டுவிட்டார். நான் உள்ளேயிருந்து ஓடிவந்ததையும் வண்டியை நிறுத்தியதையும் பார்த்திருக்கிறார். முகம் அப்படியே இறங்கிவிட்டது. மெதுவாக மேல்துண்டைத் தேடித் தோளைத் தடவினார், துண்டு அங்கே இல்லை. சொல்ல வேண்டும் என்று வாயைத் திறக்கிறேன், ஓடிவந்த மூச்சில் வார்த்தை வரவில்லை. அவர் கண்ணில் நீர் திரண்டுவிட்டது.

"இருக்கா" என்றேன் கடைசியில். "மாமா, இருக்கா."

அவர் மை படிந்த விரலைத் தூக்கி, பேசாதே என்று ஜாடை காட்டினார். தலையைச் சாய்த்துக்கொண்டார். உள்ளே தூரத்தில், பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு குரல். நின்றது. மறுபடி வந்தது.

"அது?" என்று கேட்டார்.

"அதுவும் இருக்கு மாமா."

அவர் ஆஸ்பத்திரிப் படியில், எந்தத் திசை பார்க்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதார்.